புது எலக்ட்ரிக் கிட்டாரோடு பழகுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் 15 வருடமாகக் கிட்டார் சொல்லித் தருகிறேன். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுக்களோடு வாசிக்கவும் போவேன். புதிதாக எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் மாயவரத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் அடியில் "வாங்கியது சரிதானா" என்கிற பதற்றம் இருக்கும். அந்தப் பதற்றத்தில் முதல் வாரமே பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அசைவைச் சிக்னலாக மாற்றும் பகுதி) கழற்றி மாற்றி, நல்ல கிட்டாரைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை நிதானமாக எழுதி வைக்கிறேன்.

பார்சல் இப்போதுதான் வந்தது. பிரித்து உடனே ஆம்ப்பில் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இரண்டு நாள் லாரியில், வெயிலிலும் பனியிலும் கிடந்து வந்த மரம் அது. பெட்டியை வீட்டுக்குள் வைத்து மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பிரித்தால் போதும். பிரித்ததும் டார்ச் அடித்து, கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் முடி மாதிரி ஏதாவது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தட்டுப்படும். விரிசல் இருந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ பேச்சே இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் இரண்டு நாள் ஆம்ப் இல்லாமலே வாசியுங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். ஆனால் கிட்டாரின் உடம்பு என்ன பேசுகிறது என்று கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ராத்திரி வீடு அடங்கியபின் கிட்டாரின் தலைப்பகுதியை மரக் கதவில் லேசாக ஒட்டி வைத்து ஒரு ஸ்ட்ரிங்கைத் தட்டுங்கள். கதவு முழுக்க ஒலிக்கும், பழைய தேக்குக் கதவு என்றால் இன்னும் நன்றாக. எந்தச் சுரம் நீண்டு நிற்கிறது, எது சட்டென்று செத்துவிடுகிறது என்பது அப்போது தெளிவாகக் கேட்கும். என் கிட்டாரில் மூன்றாவது ஸ்ட்ரிங், ஆறாவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுரம் நிற்காது. அந்த இடத்தில் கழுத்தும் அதே வேகத்தில் அதிர்ந்து ஸ்ட்ரிங்கின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. பல நல்ல கிட்டார்களிலும் இப்படி ஓரிடம் இருக்கும். நீளமாக நிற்க வேண்டிய சுரத்தை நான் அங்கே வாசிப்பதில்லை, நான்காவது ஸ்ட்ரிங்கில் பதினொன்றாவது ஃப்ரெட்டுக்குப் போய்விடுவேன். அதே சுரம்தான்.

கடையில் கேட்ட சத்தம் வீட்டில் வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?

கிட்டார் அதேதான். மாறியது ஆம்ப், அறை, சத்தத்தின் அளவு. கடையில் பெரிய ஆம்ப்பில், தைரியமாக வால்யூம் வைத்துக் காட்டியிருப்பார்கள். வீட்டில் பக்கத்து வீட்டுக்குப் பயந்து குறைத்து வைத்திருப்பீர்கள். சத்தம் குறையும்போது நம் காதுக்குக் கனத்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும். பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அதனால் வீட்டில் கிட்டார் ஒல்லியாகக் கேட்பது இயல்பு.

அறையும் பேசும். டைல்ஸ் போட்ட, சாமான் இல்லாத மாடி அறையில் ஒலி பளபளவென்று எகிறும். துணிமணி, பாய், மெத்தை கிடக்கும் ஓட்டு வீட்டு அறையில் அதே கிட்டார் சாந்தமாகிவிடும். ஆம்ப்பைத் தரையில் மூலையில் வைத்தால் கனம் கூடிக் குழம்பும். ஒரு முக்காலி மேல் தூக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

ஆம்ப் வாங்க இப்போது பணம் இல்லை. வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டரில் சொருகினால் ஆகாதா?

சத்தம் வரும், கிட்டாரின் குரல் வராது. பிக்கப்பிலிருந்து வருவது மிக மெலிந்த சிக்னல். கிட்டார் ஆம்ப் அதை 10 லட்சம் ஓம் அளவுள்ள நுழைவாயிலில் வாங்கிக்கொள்ளும், அதாவது சிக்னல் மேல் பாரமே ஏற்றாது. ஹோம் தியேட்டரின் நுழைவாயில் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்கலாம். பாரம் தாங்காமல் மேல்ஒலிகள் மடிந்துவிடும். ஸ்பீக்கரும் வேறு. கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் அதற்கு மேலேயும் எல்லாவற்றையும் காட்டும். டிஸ்டார்ஷன் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி சடசடக்கும். சின்னதாக ஒரு 10 வாட் கிட்டார் ஆம்ப் போதும். அதுவும் முடியாதென்றால், ஹெட்போன் சொருகும் சின்ன கிட்டார் ஆம்ப்கள் கிடைக்கின்றன, படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது.

வால்யூம், டோன் நாப்களை எதில் வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் பத்திலேயே வைத்திருக்கிறேன்.

என்னிடம் வருகிற பத்துக் கிட்டாரில் ஒன்பதில் நாப்கள் இப்படித்தான் இருக்கும். கிட்டாரின் பாதிக் குணம் அந்த இரண்டு மூன்று நாப்களில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். ஆம்ப்பில் பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வையுங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாட்டின் நாலு வரி போதும், புதுப்பாட்டு வேண்டாம். அந்த நாலு வரியை வால்யூம் பத்தில் வாசியுங்கள், அப்புறம் எட்டில், அப்புறம் ஆறில், நாலில். சத்தம் மட்டும் குறைகிறது என்று நினைப்பீர்கள். காது பழகப் பழக, மேலே இருந்த கூர்மையும் கரைவது கேட்கும். நாப்பைக் குறைக்கும்போது அதன் தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து மேல்ஒலிகளை வடிகட்டிவிடுகின்றன. கேபிள் நீளமானால் வடிகட்டுவதும் கூடும். வீட்டுக்கு 3 மீட்டர் கேபிள் போதும். மேடைக்கு வாங்கிய 10 மீட்டர் கேபிளை வீட்டிலும் போட்டுவிட்டு "கிட்டார் மந்தமாக இருக்கு சார்" என்று வந்தவர்கள் உண்டு.

டோன் நாப்பையும் அப்படியே ஒவ்வொன்றாக இறக்குங்கள். போன வருடம் பாபநாசத்திலிருந்து ஒரு பெண் சிவப்புக் கிட்டாரோடு வந்தாள். பிரிட்ஜ் (உடம்பின் மேல் ஸ்ட்ரிங்குகள் ஊன்றி நிற்கும் இடம்) பக்கத்துப் பிக்கப் காதைக் குத்துகிறது, மாற்ற வேண்டும் என்றாள். டோனைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்கி அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் வாசித்துக்கொண்டே நாப்பை இன்னும் ஒரு நூல் திருப்பினாள், ஐந்தரைக்கு. அங்கே நின்றுவிட்டாள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டு போனாள். இன்றும் அதே பிக்கப்தான்.

எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்ச்சையும் விடாதீர்கள். ஃபெண்டர் கம்பெனியின், மூன்று பிக்கப் உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954-ல் வந்தபோது சுவிட்ச்சில் மூன்றே நிலைகள். வாசிக்கிறவர்கள் சுவிட்ச்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து தரும் மிதமான குரலைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி ஐந்து நிலைச் சுவிட்ச் போட்டது 1977-ல்தான். 23 வருடம் கை தேடியதைத்தான் அப்புறம் தொழிற்சாலை கொடுத்தது. உங்கள் கையும் தேடட்டும்.

கிட்டாரிலிருந்து "உர்ர்ர்" என்று சத்தம் வருகிறது. பழுதா?

சிங்கிள் காயில் பிக்கப் என்றால் கொஞ்சம் வரத்தான் செய்யும். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்தான் பிக்கப். அதற்கு ஸ்ட்ரிங்கின் அசைவும் தெரியும், சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டும் தெரியும். ஹம்பக்கர் என்ற இன்னொரு வகைப் பிக்கப்பில் இரண்டு சுருள்களை எதிரெதிராகக் கோத்து அந்த உறுமலை ஒன்றையொன்று அடித்துவிடச் செய்கிறார்கள். கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் செய்தது. ஹம்பக்கரில் குரல் கனமாகவும் வட்டமாகவும் இருக்கும், சிங்கிள் காயிலில் மணி மாதிரி தெளிவாக இருக்கும். எது உசத்தி என்று கேட்காதீர்கள், பாட்டைப் பொறுத்தது.

சோக் வைத்த டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், சீரியல் லைட் இவை பக்கத்தில் இருந்தால் உறுமல் கூடும். நாற்காலியோடு கால்வட்டம் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் பாதியாகக் குறையும்.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் கிட்டாரின் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினாலோ, கையில் லேசாகச் சுருக்கென்றாலோ உடனே நிறுத்திவிட்டு வயரிங் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

அந்தச் "சுருக்" அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். எலக்ட்ரிக் கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்பின் எர்த் கெட்டால் ஸ்ட்ரிங்கே கரண்டுக் கம்பியாகலாம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மாரியம்மன் கோவில் திருவிழாவில் வாசித்துக்கொண்டிருந்தேன். மழை தூறி மேடைப் பலகை ஈரம். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். என் ஆம்ப் ஒரு லைனில், மைக் செட் இன்னொரு லைனில், இரண்டுக்கும் பொதுவான எர்த் இல்லை. கோரஸ் பாட மைக்கிடம் குனிந்தேன். இடது கை ஸ்ட்ரிங் மேல், உதடு மைக்கின் கம்பி வலையில். பல்லில் சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் உதடு மரத்திருந்தது. அதோடு போனது புண்ணியம்.

அன்றிலிருந்து எந்த மேடையானாலும் கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் டெஸ்டரை மைக்கில் வைத்துப் பார்ப்பேன். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடச் சொல்வேன். ஆம்ப்பும் மைக் செட்டும் ஒரே எர்த் உள்ள லைனிலிருந்து எடுக்கச் சொல்வேன். சொருக இடமில்லை என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானே துண்டித்துவிடும் சுவிட்ச்) மாட்டுவது ஒரு எஃபெக்ட் பெடலின் விலைக்குள் முடிந்துவிடும்.

விரல் வலிக்கிறது, ஸ்ட்ரிங் உயரமாக இருக்கிற மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று இடம் பாருங்கள். முதலில் நட், அதாவது தலைப் பக்கம் ஸ்ட்ரிங்குகள் பள்ளத்தில் உட்காரும் சின்னக் கட்டை. ஸ்ட்ரிங்கை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு நோட்டுத் தாள் நுழைகிற அளவு இருந்தால் நல்லது. அட்டையே நுழைகிறதென்றால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் விரல் நோவதற்கு இதுதான் காரணம். இதை அரம் வைத்து நீங்களே செய்யாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை.

இரண்டாவது, கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் மேல் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும், சுமார் 0.25 மி.மீ. அதிகமானால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பினால் ராட் போய்விடலாம்.

மூன்றாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் உயரம். 1.6 மி.மீ. சுற்றி இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். சிலர் இன்னும் இறக்கச் சொல்வார்கள். நான் இறக்க மாட்டேன். ஸ்ட்ரிங்குக்கு மூச்சுவிட இடம் வேண்டும், அப்போதுதான் சுரம் முழுதாக எழும்பும்.

ஸ்ட்ரிங்கின் கனமும் ஒரு காரணம். 10-46 செட் (மிக மெல்லிய, மிகக் கனத்த ஸ்ட்ரிங்குகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்ட கிட்டார் கடினமாக இருந்தால் 9-42 போட்டுப் பாருங்கள். கிட்டாரின் நீளமும் உண்டு: நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை சில கிட்டார்களில் 648 மி.மீ., சிலவற்றில் 628 மி.மீ. நீளம் குறைந்தால் அதே ஸ்ட்ரிங் இளகிக்கொடுக்கும்.

நான் வீணை வாசிக்கிறவள். கிட்டாரில் கமகம் வரமாட்டேன் என்கிறது.

இந்தக் கேள்வி தஞ்சாவூரிலிருந்து வரும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். உங்கள் கைக்கு ஏற்கெனவே பாதி தெரியும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மெழுகுச் சட்டத்தின் மேல் உயரமாக நிற்கின்றன. தந்தியை அழுத்தும்போது விரல் கீழே எதிலும் இடிப்பதில்லை, அதனால் இழுப்பு வழுக்கிக்கொண்டு போகும். கிட்டாரில் ஃப்ரெட்டின் உயரம் சுமார் 1 மி.மீ. விரலின் சதை மரத்தில் படும். அதனால் இழுப்பில் முரட்டுத்தனம் தெரியும்.

இரண்டு விஷயம் செய்யுங்கள். இழுக்கும் விரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரலைத் துணைக்கு வையுங்கள், இழுப்பது மணிக்கட்டாக இருக்கட்டும். எந்தச் சுரத்துக்கு இழுக்கிறீர்களோ அதை முதலில் நேராக வாசித்துக் காதில் வைத்துக்கொண்டு, பிறகு கீழிருந்து இழுத்து அதைத் தொடுங்கள். மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்துப் பாருங்கள், ஒன்றரைத் தொனி. 9-42 ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஸ்ட்ரிங் இதற்கு வளைந்து கொடுக்கும். புதுக் கிட்டாரின் கைவாகைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. எந்த ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் எவ்வளவு எதிர்க்கிறது என்று ஒரு வாரத்தில் விரலே சொல்லிவிடும்.

கர்நாடக இசை எலக்ட்ரிக் வாத்தியத்தில் நிற்குமா என்ற சந்தேகம் வேண்டாம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில்தான் சாதித்துக் காட்டினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கிட்டார் ஆளே மாறிவிடுகிறது. ஏன்?

மரம் ஈரத்தைக் குடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கம் வாரக்கணக்கில் காற்று நனைந்தே இருக்கும். கழுத்து அசையும், ஆக்ஷன், அதாவது ஸ்ட்ரிங்கின் உயரம், மாறும். எந்தப் பக்கம் அசையும் என்பது கிட்டாருக்குக் கிட்டார் வேறு, முதல் வருடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் நேர்மாறாக மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் அங்கேதான் முதலில் இறங்கும். மழைக்கு முன் ஒரு முறை, தைக்குப் பின் ஒரு முறை கழுத்தின் வளைவைப் பார்த்தால் போதும்.

ஸ்ட்ரிங் எப்போது மாற்றுவது?

தினமும் வாசித்தால் கும்பகோணத்தில் ஒன்றரை மாதம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்றால் உப்புக்காற்றில் பாதி நாள்தான். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் மேலும் கீழும் துடைத்துவிடுங்கள்.

பெடல் வாங்கலாமா, பிக்கப் மாற்றலாமா?

முதல் இரண்டு மாதம் இரண்டும் வேண்டாம். அதற்கு முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்கள். பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்க்ரூ அதன் உயரத்தை மாற்றும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி அளவிடுங்கள். சிங்கிள் காயிலுக்குக் கனத்த ஸ்ட்ரிங் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று ஆரம்பிக்கலாம். அங்கிருந்து கால் சுற்று மேலே, கால் சுற்று கீழே என்று கேட்டுக்கொண்டே போங்கள். மேலே ஏற்றினால் சத்தமும் முரட்டுத்தனமும் கூடும். ரொம்ப ஏற்றினால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும், கனத்த ஸ்ட்ரிங்கில் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும். இறக்கினால் சத்தம் குறையும், ஆனால் தட்டலின் மென்மையும் வன்மையும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். எனக்கு இறக்கி வைத்திருப்பதுதான் பிடிக்கும்.

பிக் (ஸ்ட்ரிங்கைத் தட்டும் சின்ன வில்லை) படும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். பிரிட்ஜ் ஓரம் தட்டினால் கூர்மை, கழுத்துப் பக்கம் வந்தால் குழைவு. ஒரே பிக்கப்பில் நாலு குரல் கிடைக்கும்.

எத்தனை நாளில் பழகும்?

எங்கள் தெருவில் ஒரு நாகஸ்வர வித்வான் இருக்கிறார். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், ஆச்சா மரம். கச்சேரிக்குப் போகும்போது நாலைந்து சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கோத்துத் தொங்கும். அதில் ஒன்றை எடுத்து வாயில் வைத்து, எச்சிலில் ஊறவிட்டு, ஊதிப் பார்த்து, மறுபடி ஊறவிட்டு, அப்புறம்தான் குழலில் பொருத்துவார். புதுச் சீவாளி எத்தனை நாளில் பேசும் என்று கேட்டேன். "அது என் வாய்க்கு வர்றப்ப வரும் தம்பி. ஆனா தினம் எடுத்து வச்சுக்கணும்" என்றார்.

கிட்டாருக்கு நான் மூன்று மாதம் சொல்வேன், தினம் அரை மணி நேரம் கணக்கு வைத்து. வாரத்துக்கு ஒரு முறை அதே நாலு வரியைப் போனில் பதிவு செய்யுங்கள், போனை ஆம்ப்பிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து. ஒரு நோட்டில் நாப் எண்களையும் பிக்கப் நிலையையும் எழுதுங்கள். பன்னிரண்டாவது வாரப் பதிவையும் முதல் வாரப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதைக் கேட்டபிறகும் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், இரண்டு பதிவையும் நோட்டையும் கிட்டாரோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, என்ன பிக்கப் என்று பேசுவோம்.